முற்றத்துக்கு வரும் விருந்தாளிகள்

சோற்றில் கை வைக்குமுன் காகத்துக்கு ஒரு பிடி வைப்பது நம்மில் பலருடைய வீட்டு வழக்கம். என் தாயார் கொல்லைச் சுவரின்மேல் அந்தப் பிடியை வைத்துவிட்டுக் "கா, கா" என்று அழைப்பார். ஒரு காகம் வந்து கொத்திவிட்டால் அவர் மனம் நிறைந்துவிடும்; உள்ளே போய்விடுவார். எத்தனை காகங்கள் வந்தன, ஒதுங்கி நின்ற தவிட்டுக்குருவிகள் எப்பொழுது துணிந்து முன்வந்தன என்றெல்லாம் நான் நின்று பார்க்கத் தொடங்கியது வெகுகாலம் கழித்துத்தான்.

உணவிடுவதையும் உற்றுப் பார்ப்பதையும் ஒருசேரச் செய்கிறவர்கள் இங்கிலாந்து மக்கள். அங்கே மாரிக்காலம் கொடியது. நிலம் உறைந்து கிடக்கும். பூச்சி புழு அகப்படுவது அரிது. இரை தேடுவதற்குரிய பகற்பொழுதோ மிகக் குறுகியது. ஆகவே தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் பலகை பொருத்தித் தானியம் தூவுகிறார்கள். நிலக்கடலையையும் சூரியகாந்தி விதையையும் கம்பிவலைக் கூட்டிலிட்டு மரக்கிளையில் தொங்கவிடுகிறார்கள். பிறகு ஜன்னலுக்கு உள்ளே அமர்ந்து, வருகிற பறவைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

அந்நாட்டின் அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1979ஆம் ஆண்டில் சிறுவர்களுக்கென்று ஒரு குளிர்கால வேலையை ஏற்படுத்திற்று. ஜனவரி மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் தோட்டத்துப் பறவைகளை எண்ணி எழுதி அனுப்ப வேண்டும், அவ்வளவே. இன்று ஆண்டுதோறும் பல லட்சம் பேர், பெரியவர்களும் சேர்ந்து, இதைச் செய்கிறார்கள். எண்ணுவதற்கு ஒரு விதி உண்டு. ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தென்பட்ட மிகுதியான எண்ணிக்கை எதுவோ, அதை மட்டுமே எழுத வேண்டும். மூன்று தவிட்டுக்குருவிகள் வந்து போய், சற்றுப் பொறுத்து நான்கு வந்தால், ஏழு என்று எழுதுவது பிழை. முன்பு வந்த மூன்றும் இந்த நான்கில் அடங்கியிருக்கக் கூடும் அல்லவா? ஒன்றுமே வராவிட்டால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மதிப்பெண் கூடுமென்று கூட்டி எழுதுகிற பழக்கம் இங்கே உதவாது. நம் வீட்டுச் சிட்டுக்குருவியே அங்கும் உண்டு. 1979இல் கண்ட அளவில் பாதிகூட இப்போது அந்தத் தோட்டங்களுக்கு வருவதில்லை என்பதை இக்கணக்குகள் காட்டுகின்றன.

இனி நான் சொல்லப்போவது சற்றுத் துயரமான விஷயம். 'கிரீன்பிஞ்ச்' என்னும் பசுநிறக் குருவி அத்தோட்டங்களுக்கு வழக்கமாக வரும் விருந்தாளி. 2005ஆம் ஆண்டில் அவற்றுட் சில, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் அருகே சென்றாலும் பறக்க மாட்டாமல், அலகில் ஈரமான தீனி ஒட்டியிருக்க உட்கார்ந்திருக்கக் கண்டார்கள். மறு ஆண்டில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. புறாக்களிடத்தில் நெடுநாளாக அறியப்பட்ட ஓரணு உயிரி ஒன்று இக்குருவிகளின் தொண்டையைப் பற்றிக்கொண்டிருந்தது. நோயுற்ற குருவியால் விழுங்க முடியாது. அது வாயிலிட்டு உதிர்த்த விதையை அடுத்த குருவி பொறுக்கும். ஒரே கிண்ணத்து நீரை இரண்டும் குடிக்கும். சில ஆண்டுகளுக்குள் 43 லட்சமாக இருந்த இனம் 28 லட்சமாகக் குறைந்தது. 2021இல் அதன் பெயர் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் ஏறிற்று. பட்டினி அவற்றைக் கொல்லவில்லை. அன்போடு பரிமாறிய பலகையே நோய் கைமாறும் இடமாயிற்று. ஆயினும் செய்தியை முதலில் தந்தவர்களும் அந்த ஜன்னலோரத்து மனிதர்களே என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைப் படித்த அன்று எழுந்து போய் எங்கள் கொல்லையில் இருந்த மண்சட்டியைப் பார்த்தேன். கோடை தொடக்கத்தில் வைத்தது. நீர் குறையக் குறைய ஊற்றி வந்தேனே தவிர, ஒரு நாளும் அதைக் கவிழ்த்ததில்லை. அடியில் பாசி, எச்சம், ஊறிப்போன பருக்கைகள். மைனாவும் சின்னானும் அதில்தான் குளித்தன, அதையே குடித்தன. தருமம் செய்கிறோம் என்று பெருமிதம் கொண்டிருந்த எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது இரண்டு சட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் நீர், மற்றொன்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிடுவேன். மறுநாள் அதன் முறை. நன்றாக உலர்ந்த இடத்தில் அந்த ஓரணு உயிரி பிழைக்காது. மிஞ்சிய சோற்றை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை கண்ணில் பட்டால் இரண்டு வாரமாவது ஒன்றும் வைக்காமலிருப்பது நல்லது. கூட்டம் கலைந்து போகட்டும். இரக்கமற்ற செயலாகத் தோன்றினாலும் அதுதான் அப்போது செய்யத்தக்கது.

உங்கள் வீட்டிலும் ஒரு சுவரோ மாடியோ இருக்கும். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம், ஒரு பென்சில், பழைய நோட்டுப் புத்தகம், இவை போதும். சென்ற ஞாயிறு ஆறரை முதல் ஏழரை மணி வரை நான் எழுதிய குறிப்பு இது: காகம் 5, மைனா 2, தவிட்டுக்குருவி 7, சின்னான் 1. சிட்டுக்குருவி என்ற இடத்தில் ஒரு சுழியம் இட்டிருக்கிறேன்.