குதிரைவாலில் பூத்த பூக்கள்

(நூற்றாண்டு விழாக் கைப்பணிக் கண்காட்சியின் தொடக்கத்தில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



இரட்டைப் பின்னலும் றிபனுமாக இந்த மண்டபத்தில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். தலையலங்காரம் பற்றிப் பேச எங்களுக்கு நிறையவே உரிமை உண்டு. இன்று பேச எடுத்துக்கொண்டது குதிரைமயிரில் பின்னும் அணிகள் பற்றி.

குதிரைமயிரைத் தலையில் வைப்பதா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பின்னல் நீளமாகத் தெரிய நாம் வைக்கும் சவரி என்ற சொல்லே கவரிமாவின் பெயரோடு உறவுடையது. விலங்கின் மயிர் நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், மௌலே பிரதேசத்தில், அண்டிஸ் மலையடிவாரத்தில் ராரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏறக்குறைய 200 ஆண்டுகளாக அங்குள்ள பெண்கள் இந்தக் கைப்பணியைச் செய்து வருகிறார்கள். தொடக்கத்தில் அவர்கள் பின்னியது பொப்லார் மரத்தின் மெல்லிய வேர்களை. குதிரைவால் மயிர் பிறகு வந்து சேர்ந்தது. நமக்குப் பனையோலை வாய்த்ததுபோல அவர்களுக்கு அது வாய்த்தது. பக்கத்து ஊரான பனிமாவிதாவின் வெந்நீரூற்றுக்கு வந்த பயணிகள் அவற்றை விரும்பி வாங்கினார்கள்.

மயிரைக் கழுவிச் சாயத்தில் கொதிக்கவைத்து உலர்த்துகிறார்கள். மெக்சிக்கோவிலிருந்து வரும் ஒரு தாவர நார் பாவாக நின்று விறைப்பைக் கொடுக்க, மயிர் அதனூடே ஊடையாக ஓடுகிறது. தறி கிடையாது. விரலும் ஊசியும் கத்தரிக்கோலும்தான் கருவிகள். பூ, பட்டாம்பூச்சி, காதணி, உடையில் குத்தும் அணி, கூந்தலில் செருகும் அணி என்று எல்லாம் அந்த விரல்களிலிருந்தே பிறக்கின்றன. தாயின் மடியருகே இருந்து பார்த்துப் பார்த்தே சிறுமிகள் பழகுகிறார்கள்.

2010இல் சிலி அரசு ராரியின் கைவினைப் பெண்களை வாழும் மனிதச் செல்வங்களாக ஏற்றுக்கொண்டது. 2015இல் உலகக் கைவினைப் பேரவை அவ்வூரை உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. பெண்கள் வீட்டுவேலைக்கு இடையே செய்ததை ஒரு நாடு தன் செல்வம் என்று சொன்னதே, அதுதான் எங்கள் மனதைத் தொட்டது.

ஆனால் பட்டம் மட்டும் உலை வைக்காது. ஒரு சிறு பூவுக்கும் பொறுமையாக உட்கார்ந்து உழைக்க வேண்டும். கடையில் பிளாஸ்டிக் கிளிப் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. உழைத்த நேரத்துக்கு விலை கிடைக்காவிட்டால், எந்தத் தாய் தன் மகளிடம் இதைக் கற்றுக்கொள் என்று சொல்வாள்? எந்த ஊரிலும் ஒரு கைப்பணி அழிவது இப்படித்தான்.

இந்தக் கேள்வி நமக்கும் உரியதே. பின்னலும் மணிகோப்பும் தையலும் இங்கே மனையியல் வகுப்பில் நாம் கற்றவை. அந்த வித்தையைக் கொண்டு இன்று குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் செய்தவை அடுத்த அறையில் இருக்கின்றன.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்றுதான். பேரம் பேசாது வாங்குங்கள். செய்தவரின் பெயரைக் கேட்டு, பரிசாகக் கொடுக்கும்போது அந்தப் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்தாலும், உங்கள் கைக்குத் தெரிந்த ஒரு பின்னலை ஒரு பிள்ளைக்காவது பழக்குங்கள்.

வாருங்கள், கண்காட்சியைப் பார்ப்போம்.