பறந்த நாழிகையும் குறித்த கையும்

(கிளியூரில், இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரை)



ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் இந்தக் கிளியூரில் ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையில், கிட்டி ஹாக் என்னும் சிற்றூரை அடுத்த மணல்வெளியில் ஆர்வில் ரைட் பறந்த தூரம் 120 அடி; இவ்வருவியின் உயரத்தில் பாதிகூட இல்லை. அவர் காற்றில் நின்ற நேரம் 12 நொடி. விசைப்பொறியால் உந்தப்பெற்று, ஆளைச் சுமந்து, அவன் கட்டுக்குள் நின்று பறந்த முதல் ஊர்தி என்று உலகம் போற்றுவது அந்தப் பன்னிரண்டு நொடியைத்தான்.

அந்தப் பன்னிரண்டு நொடிக்கு ஜாதகம் கணிக்க முடியும். கவிஞர் கூடிய அவையில் சோதிடம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். கிளியூருக்கு வந்ததும் கிளி சோதிடமா என்று நகைப்பவரும் இருக்கலாம். சோதிடம் மெய்யா பொய்யா என்னும் வழக்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஜாதகம் எழுதுவதற்கு என்ன வேண்டும் என்பதே இங்குள்ள கேள்வி. நாள் வேண்டும், இடம் வேண்டும், எல்லாவற்றினும் மேலாக, மணியும் நிமிடமும் வேண்டும். லக்கினம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிவிடும் பொருள். கிட்டி ஹாக்கில் அன்று காலை 10.35 என்பதை ஆர்வில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த ஒரு வரியால்தான் இவ்வுரைக்கு இடம் கிடைத்தது.

திருக்கணித முறைப்படி அந்த ஜாதகத்தைப் பார்க்கலாம். சோபகிருது ஆண்டு, மார்கழி பிறந்து ஓரிரு நாள், வியாழக்கிழமை, தேய்பிறை முடிந்து அமாவாசை நெருங்கும் வேளை. லக்கினம் மகரம். லக்கினத்திலேயே, தன் சொந்த வீட்டில் சனி. சந்திரன் விருச்சிகத்தில் நீசம். சூரியன் தனுசில், லக்கினத்துக்குப் பன்னிரண்டில். குரு கும்பத்தில்.

நடந்தது தெரியாத ஒரு சோதிடரிடம் இதைக் கொடுத்து, 'புதிய முயற்சி ஒன்று தொடங்கலாமா?' என்று கேட்டால் என்ன சொல்வார்? மார்கழியில் தமிழ்நாட்டார் மணவினை செய்வதில்லை, புதுமனை புகுவதில்லை. சந்திரனோ தேய்ந்தவன், அதன்மேல் நீசன். 'தை பிறக்கட்டும்' என்றுதான் சொல்லியனுப்புவார். நடந்ததை அறிந்த சோதிடரிடம் அதே கட்டத்தைக் கொடுத்தால், அவர் கண் முதலில் சனியின்மேல் விழும். ஆட்சி பெற்ற சனி கேந்திரத்தில் நிற்பது சச யோகம். பஞ்ச மகா புருட யோகங்களுள் ஒன்று. குரு நிற்பதோ கும்பம், காற்று ராசி. 'காற்றை ஆள வந்த ஜாதகம் ஐயா இது!' என்பார். நீசச் சந்திரனைக் குறித்து வினவினால் நீசபங்கத்துக்கு வழி தேடத் தொடங்குவார். இருவரும் ஒரே நூலைக் கற்றவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கதையின் முடிவைப் படித்துவிட்டார், மற்றவர் படிக்கவில்லை, வேறுபாடு அவ்வளவே. கவிதைக்கு உரையெழுதுவோர் இந்த இருவரையும் நன்கறிவர்.

சனி வந்த பிறகு ஒரு சுவையான தொடர் பின்னத் தொடங்குகிறது. சனிக்கு மந்தன் என்றொரு பெயருண்டு. மெதுவாகச் செல்பவன் என்பது பொருள். உலகின் மிக விரைவான ஊர்திக்கு உலகின் மிக மெதுவான கோள் அதிபதியாக வாய்த்தது. இந்தியாவுக்கு வந்தால், வானஞ்சலின் பிறந்தநாள் 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் நடந்த பொருட்காட்சியின்போது, ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களைச் சுமந்து மாலை ஐந்தரை மணிக்கு எழும்பி, யமுனையைக் கடந்து, சுமார் ஆறு மைல் தொலைவிலுள்ள நைனியில் 13 நிமிடத்தில் இறங்கினார். கிழமை சனி. பிறகு 1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பஸ் மாத் என்னும் சிறு விமானத்தில் அஞ்சற்பையோடு புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டுக்கு முறையான வானஞ்சல் வந்த முதற்பயணம் அது. அதுவும் சனிக்கிழமை. அதிலும் புரட்டாசியின் கடைசிச் சனி! கருட வாகனனுக்குரிய நாளில் ஓர் ஊர்தி பறந்துவந்ததைச் சொல்ல ஒரு கவிராயர் அன்று இருந்திருந்தால் ஒரு சிலேடையாவது மிஞ்சியிருக்கும்.

வேடிக்கை ஒன்று: வானஞ்சல் பிறந்த 1911 பிப்ரவரி, தமிழ் ஆண்டுக் கணக்கில் சாதாரண ஆண்டைச் சேர்ந்தது. அறுபது பெயர்களுள் அந்தப் பெயர்தான் வாய்க்க வேண்டுமா!

குளிகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிகன் சனியின் மகன். குளிகை வேளையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம் மக்கள் நம்பிக்கை. அதனால்தான் அவ்வேளையில் நகை வாங்குவர், பிணம் எடுக்க மாட்டார்கள். நாட்காட்டித் தாளில் சனிக்கிழமைக் குளிகை 6 முதல் 7.30 வரை. டாட்டா கராச்சியில் எழும்பியதாகச் சொல்லப்படும் நேரம் காலை 6.35. வாரந்தோறும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டிய அஞ்சற்பணிக்கு இதைவிடப் பொருத்தமான வேளை ஏது? ஆனால் தாளில் அச்சாகும் நேரம் சூரியன் ஆறு மணிக்கு எழுகிறது என்று வைத்துக்கொண்ட பொதுக்கணக்கு. கராச்சி வெகு மேற்கே உள்ள ஊர். இந்திய நேரப்படி அக்டோபர் நடுவில் அங்கே சூரியன் எழ ஏழு மணியாகும். கணக்கைக் கறாராகப் பார்த்தால் டாட்டா புறப்பட்டபோது குளிகை பிறக்கவே இல்லை.

கிட்டி ஹாக்கில் இது தலைகீழ். வியாழக்கிழமைக் குளிகை தாளின்படி 9 முதல் 10.30 வரை, ஆர்வில் ஐந்து நிமிடம் பிந்திவிட்டார். ஆனால் அவ்வூரில் டிசம்பரில் சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல். பகற்பொழுது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அப்பகலை எட்டாகப் பகுத்து மூன்றாம் பங்கைப் பார்த்தால், அது ஒன்பதரைக்குச் சற்றுப் பின் தொடங்கிப் பத்தே முக்கால் வரை நீள்கிறது. 10.35 அதற்குள் அடங்கும். அன்று அச்சகோதரர்கள் ஒருமுறையோடு நிற்கவில்லை. மாறி மாறி நான்கு முறை பறந்தார்கள். நான்காவதில் வில்பர் 59 நொடியில் 852 அடி கடந்தார். குளிகை பலித்தது என்று சொல்ல நாக்குத் துடிக்கும். ஆனால் அதன்பின் காற்று அந்த ஊர்தியைப் புரட்டி உடைத்துப் போட்டது. அந்த ஊர்தி மறுபடி பறக்கவே இல்லை.

நேரத்தை உண்மையில் குறித்தது எது? டிசம்பர் 13ஆம் நாள் காற்று வாகாக இருந்தது. ஆனால் அன்று ஞாயிறு. பேராயரான தந்தைக்கு மதிப்பளித்து, ஓய்வுநாளில் அவர்கள் பறக்கவில்லை. நாள் பார்ப்பவர் நம்மவர் மட்டுமல்லர். மறுநாள் திங்கள், முதலில் ஏறுவது யார் என்று நாணயத்தைச் சுண்டிப் பார்க்க, வில்பர் வென்றார். மூக்கை அளவுக்கு மேல் தூக்கிவிட்டதால் மூன்றரை நொடியில் ஊர்தி மணலில் விழுந்து பழுதாயிற்று. தமிழ்க் கணக்கில் அது கார்த்திகைச் சோமவாரம், சிவனுக்குரிய நன்னாள். பழுதுபார்க்கவும் காற்றுக்குக் காத்திருக்கவும் நாட்கள் கழிய, மார்கழி பிறந்துவிட்டது. தேங்கிய நீரெல்லாம் உறைந்துகிடந்த அந்த வியாழனன்று குளிர்காற்று கடுமையாக வீசியது. இனியும் காத்திருக்க முடியாது என்று துணிந்து ஏறினார்கள். நன்னாளில் விழுந்தது, விலக்கிய மாதத்தில் எழுந்தது. முகூர்த்தம் வைத்தது வடகாற்றும் உடைந்த சட்டமும்.

சனித் தொடரும் நெடுந்தூரம் செல்வதில்லை. 1909 ஜூலை 25ஆம் நாள் விடியலில் லூயி பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அது ஞாயிற்றுக்கிழமை.

அந்தப் பிளெரியோவின் பறப்பைக் கேள்வியுற்று உள்ளம் கிளர்ந்த ஒருவர் சென்னையில் இருந்தார். ஜாகோமோ தாஞ்சலிஸ் என்பது பெயர். மவுண்ட் ரோட்டில் தம் பெயரிலேயே ஒரு பெரிய விடுதி நடத்திய இனிப்புப்பண்ட வல்லுநர். அவர் தாமே வரைந்த அமைப்புக்கு, அதே சாலையில் வண்டிகள் கட்டிவந்த சிம்ப்சன் நிறுவனம் உருக்கொடுத்தது. சிறு விசைப்பொறி ஒன்று பொருத்திப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு மக்கள் காணவும் பறந்தார். ஆண்டு 1910, மாதம் மார்ச். பெக்கே அலகாபாத்தில் எழும்புவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே சென்னையில் ஓர் ஊர்தி மண்ணை விட்டு எழுந்தது. ஆசியாவிலேயே முதற்பறப்பு அதுதான் என்பாரும் உண்டு.

அதற்கு ஜாதகம் எழுத முடியவில்லை. கதை சொல்லப்படும் இடங்களில் 'மார்ச் மாதம்' என்பது நிற்கிறது; மணியும் நிமிடமும் நிற்கவில்லை. மார்ச் என்றால் சௌமிய ஆண்டின் மாசிக் கடைசியா, பங்குனித் தொடக்கமா? வளர்பிறையா, தேய்பிறையா? லக்கினத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தச்சர் இருந்தனர், கொல்லர் இருந்தனர், வேடிக்கை பார்த்த கூட்டம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து ஒரு வரி எழுதிய கை மட்டும் கதையில் இல்லை. கிட்டி ஹாக்கில் இருந்த சாட்சிகள் ஐவரே. அவர்களுள் ஜான் டேனியல்ஸ் என்பவர் ஆர்வில் நிறுத்திவைத்த படக்கருவியின் விசையை அழுத்தினார், படம் நின்றது. தந்தைக்கு அனுப்பிய தந்தியில் 59 நொடி 57 ஆகிவிட்டது, ஆர்வில் பெயரும் எழுத்துப் பிழையோடு போயிற்று. ஆனால் நாட்குறிப்பு இருந்ததால் பிழை பிழையென்று தெரிந்தது. அலகாபாத்துக் கடிதங்களுக்கும் தனி முத்திரை குத்தி அனுப்பினார்கள். இன்றும் அவை சேகரிப்போர் கையில் உள்ளன.

தமிழர் நேரம் குறியாதவர் என்று சொல்லிவிட முடியுமானால் எளிது. அது உண்மையன்று. மதுரை எரிந்த நாளைச் சொல்லும் இளங்கோவடிகள் மாதம், பக்கம், நாள்மீன், திதி, கிழமை ஐந்தையும் வைத்துச் சொல்கிறார். வையையில் நீர் பெருகியதைப் பாடும் பரிபாடலின் பதினோராம் பாட்டில் நல்லந்துவனார் கோள்கள் நின்ற வீடுகளை வரிசையாக அடுக்குகிறார். வெள்ளத்தைப் பாட வந்தவருக்கு வானத்தின் கட்டமும் வேண்டியிருந்தது. அவை அணிக்காகச் சொன்னவை என்று ஒதுக்குவோர் உளர். ஆனால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவற்றைக் கணக்காகவே எடுத்துக்கொண்டார். பரிபாடற் குறிப்பு கி.பி. 634ஐக் காட்டுகிறது என்றும், சிலப்பதிகாரக் குறிப்பு 756ஐக் காட்டுகிறது என்றும் கணித்தார். அம்முடிவுகளை ஏற்காதவர் பலர். சங்க காலத்தை அவ்வளவு கீழே இறக்க மனம் ஒப்பாதது மட்டும் காரணமன்று, வலுவான வேறு சான்றுகளும் அவர்கள் பக்கம் உண்டு. ஆயினும் மறுப்பதற்கும் அந்த வரிகள் வேண்டியிருந்தன. எழுதியிருந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் வழக்காட முடிகிறது.

சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் இந்தியக் காலக்கணிப்பு நூல் சென்னையில் வெளியானது 1911இல். தாஞ்சலிஸ் பறந்ததற்கு அடுத்த ஆண்டு. எந்த நாளையும் திதியும் நாள்மீனும் கூட்டிச் சொல்லவல்ல அறிஞர் அதே மாகாணத்தில், அதே காலத்தில் வாழ்ந்தார். அவர் கையில் கொடுக்க ஒரு மணி, ஒரு நிமிடம் இல்லாமற் போயிற்று.

பறக்கும் பொறியைத் தமிழ்க் கவிதை கற்பனை செய்யாமல் இல்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக் கொண்டு செய்வித்த மயிற்பொறியில் ஏறித்தான் விசயை தப்புகிறாள். அது இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். மகன் பிறந்த அந்த இரவையும் இடத்தையும் திருத்தக்கதேவர் விட்டுவிடவில்லை. சென்னையில் மெய்யாகவே ஒரு பொறி பறந்தபோது அதைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. வட்டத்தில் பத்தாண்டாக வாசிக்கப்பெற்ற கவிதைகளில் அடியில் நாள் குறிக்கப்பெற்றவை எத்தனை என்பதை இம்மலரைத் தொகுத்தவர்கள் அறிவர். அதை அவர்களே சொல்லட்டும்.

பல்லாவரத்தை அடுத்த மீனம்பாக்கத்தில் இன்று விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் புறப்பாடும் மணி, நிமிடத்தோடு எழுதப்படுகிறது. 1910 மார்ச்சில் அதன் அருகே எழுந்த அந்தச் சிறு ஊர்திக்கு எதிரே மட்டும் அந்த இடம் வெற்றாக இருக்கிறது.