கலத்தின் வாயில்கள்



சில ஆண்டுகளுக்கு முன், ஹந்தானை மலைப்புறத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். பையன் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாதவன். வகுப்பிலே அடிக்கடி சோர்ந்து கண்ணயர்பவன். "சோறும் பருப்பும் குறைவில்லாமல்தான் கொடுக்கிறேன் ஐயா, தின்பது உடம்பில் ஒட்டவில்லையே" என்றார் அத்தாய். இன்னும் நன்றாகக் கொடுங்கள் என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது எவ்வளவு ஆழமான கேள்வி என்பதைக் கலைப்பட்டதாரியாகிய நான் பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் உணர்ந்தேன். உண்பது வேறு, உடலிற் சேர்வது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே வாயில்கள் பல உள்ளன.

நாம் உண்ணும் பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள புரதம், அப்படியே உடலிற் சேர்வதில்லை. இரைப்பையும் சிறுகுடலும் அதனை அமினோ அமிலங்களாகவும், அவை இரண்டு மூன்று கோத்த சிறு துண்டுகளாகவும் பிரிக்கின்றன. நம் உடற் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் 20. அவற்றுள் 9 உணவின் வழியாகவே வந்தாகவேண்டும். சோற்றில் லைசீன் குறைவு. மைசூர்ப் பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெதியோனீன் குறைவு. சோற்றில் அது போதிய அளவுண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்த்துண்ட நம் முன்னோரின் வழக்கம் பொருளற்றதன்று.

இனி, குடலிலே கிடக்கும் அமினோ அமிலம் கலத்தினுள் நுழைவதெங்ஙனம்? ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கிறது. அது கொழுப்புப் பொருளால் அமைந்த ஈரடுக்கு. நீரிற் கரைந்து மின்னேற்றம் தாங்கிய அமினோ அமிலம் அக்கொழுப்பை எளிதில் ஊடுருவ இயலாது. ஆயினும், கலங்கள் தமக்கு வெளியே உள்ளதினும் பன்மடங்கு செறிவாக அமினோ அமிலங்களை உள்ளே சேர்த்துக்கொள்வதை அமெரிக்க ஆய்வாளர் ஹால்வர் கிறிஸ்டென்சன் 1950களில் எடுத்துக் காட்டினார். குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஒரு பொருளை ஏற்றுவதற்கு வலு வேண்டும். அவ்வலு எங்கிருந்து வருகிறது?

கண்டியில் வாழும் நமக்கு விடை அருகிலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், சுரங்கவழியே சென்று உக்குவளையில் இறங்கி மின்வலுவைத் தருகிறது. விழும் நீர் பிறிதொரு வேலையைச் செய்கிறது. கலத்திலும் அவ்வாறே. கலத்துக்கு வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. எனவே சோடியம் உள்நோக்கி விழ விரைகிறது. மென்சவ்விற் பதிந்த புரத வாயில்கள், சோடியத்தை உள்ளே விடும்போதே அமினோ அமிலத்தையும் உடன் இழுத்துக்கொள்கின்றன. விழுந்த நீரை ஆவியாக்கி மீண்டும் மலைக்கு ஏற்றுபவன் கதிரவன். கலத்திலோ அப்பணியைச் செய்வது சோடியப் பம்பி. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியேற்றி, இரண்டு பொற்றாசியத்தை அது உள்ளே கொணர்கிறது. இதனை 1957இல் வெளியிட்ட டென்மார்க்கு அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ, 1997இல் நோபெல் பரிசு பெற்றார்.

எல்லா அமினோ அமிலங்களுக்கும் ஒரே வாயில் இல்லை. வகைக்கொரு வாயில் உண்டு. ஒரு வாயில் பழுதுற்றால் விளைவு யாது? 1956இல் இலண்டன் மருத்துவர்கள் விவரித்த ஹார்ட்னப் நோய் அதற்குச் சான்று. பிறவியிலேயே ஒரு வாயில் பழுதானமையால் திரித்தோபன் முதலியன சரிவர உட்செல்வதில்லை. வெயில் பட்ட தோலிலே தடிப்புத் தோன்றுகிறது. எனினும் நோயாளர் பலர் நல்ல உணவுண்டு நலமாக வாழ்கின்றனர். சிறு புரதத் துண்டுகளுக்கெனத் தனிவாயில் ஒன்று திறந்திருப்பதே காரணம். இயற்கை ஒரு கதவை மட்டும் நம்பி நம்மைப் படைக்கவில்லை.

பிறவிப் பழுது அரிது. நம் மலைநாட்டிற் பெரிதும் கவலைக்குரியது வேறொன்று. சிறுகுடலின் உட்புறத்தில் சடைமுளைகள் எனப்படும் நுண்விரல்கள் நெருங்கி நிற்கின்றன. நாம் கூறிய வாயில்கள் அவற்றின் மேற்பரப்பிலேயே அமைந்துள்ளன. அசுத்த நீரால் மீண்டும் மீண்டும் வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் சடைமுளைகள் குறுகித் தேய்கின்றன, வாயில்களும் குறைகின்றன. உண்டதில் ஒரு பகுதி சேராமற் போகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 பேர். இதற்கு வறுமை உட்படக் காரணங்கள் பல உண்டு. ஆயின் நீரும் அவற்றுள் ஒன்று என்பதை மறக்கலாகாது.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு நாம் கொடுக்கும் ஜீவனியும் இத்தத்துவத்தின் பயனே. குளுக்கோசும் சோடியமும் ஒரே வாயிலிற் சேர்ந்து நுழைகின்றன என்பதை 1960இல் பிராக் நகரில் இராபர்ட் கிரேன் விளக்கினார். அவை இரண்டும் நுழைந்தால் நீரும் பின்தொடர்கிறது. வெறும் நீரினால் ஆகாத காரியம், சிறிது உப்பும் சர்க்கரையும் உரிய அளவிற் சேர்ந்தவுடன் ஆகிறது. பொதியிற் குறித்த அளவுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ நீர் சேர்த்தல் கூடாது.

நேயர்களே, அன்று அத்தாயிடம் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி வேறு. "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்? பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தா கொடுக்கிறீர்கள்? பிள்ளைக்கு வயிற்றோட்டம் எத்தனை முறை கண்டது?" என்று கேட்டு, மருத்துவ மாதிடம் அனுப்பியிருக்கவேண்டும். பருப்பும் நெத்தலியும் முட்டையும் வேண்டியவையே. அவற்றோடு கொதித்தாறிய நீரும், சோப்பிட்டுக் கழுவிய கையும், ஒழுங்கான கழிப்பிடமும் வேண்டும். லயத்திலும் பிள்ளை மடுவத்திலும் இவை கிடைக்கும்படி செய்வது தாய்மாரின் கடமை மாத்திரமன்று. தோட்டத்தாரின் கடமை, ஆசிரியராகிய எங்களின் கடமை, நம் எல்லோருடைய கடமையுமாகும்.

அந்தத் தாய் குறைவில்லாமற் கொடுத்தது உண்மை. குறை அவர் கையில் இல்லை, வாயிலில் இருந்தது. அவ்வாயில்களைக் காப்போமாக.