நக்கீரரின் வினாவும் மயிர்க்காலின் விடையும்



தமிழ்ச் சங்கத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வழக்குகளுள் பெரும்புகழ் பெற்றது கூந்தலைப் பற்றியது. மகளிர் கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்பது பாண்டியனுக்கு எழுந்த ஐயம். தருமி கொண்டுசென்ற பாடல், இறையனார் பெயரில் குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக இன்றும் நிற்கிறது. அதில் பொருட்குற்றம் கண்ட நக்கீரர், இறைவன் நெற்றிக்கண்ணைக் காட்டியபோதும் தம் கருத்தை விடவில்லை என்கிறது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். கதை வரலாறு ஆகாது. எனினும் அது எழுப்பிய வினா மெய்யானது. விடை காணத் தக்கது.

தோலுக்கு வெளியே தெரியும் மயிர்த்தண்டில் உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லை. அதன் மேலுறை, கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்செதில்களால் ஆனது. உள்ளே இருப்பது புறணி; மயிரின் வலிமையும் நிறமும் அங்கேயே உள்ளன. நடுவில் இருக்கும் அகணி, மெல்லிய மயிர்களில் இல்லாமலும் போவதுண்டு.

மயிரின் பெரும்பகுதி கெராட்டின் என்னும் புரதம். இப்புரத இழைகளின் சுருள் வடிவத்தை 1951இல் லைனசு பாலிங் குழுவினர் விளக்கினர். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடங்க இயலும் என்பதை 1963இல் வரைபடமாக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர். இழைகளைக் குறுக்கே பிணைத்து நிற்பவை கந்தகப் பாலங்கள். முடி கருகும்போது எழும் நாற்றத்தில் அக்கந்தகத்திற்குப் பெரும்பங்கு உண்டு. நீர் பட்டால் நெகிழ்வன மெல்லிய பிணைப்புகளே. கந்தகப் பாலங்கள் அசைவதில்லை. எனவேதான் ஈரத்தில் சுருட்டி உலர்த்திய கூந்தல், மறுமுறை நனைந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோர் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிர் நீக்கிவந்த முறை, இப்பாலங்களை உடைக்கும் முறையேயாகும்.

இனி மணத்திற்கு வருவோம். கெராட்டினுக்கெனச் சொல்லத்தக்க நறுமணம் இல்லை. ஆகவே மயிர்த்தண்டைப் பொறுத்தவரை நக்கீரர் கூற்றே நிற்கும். ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் ஒரு நெய்ச்சுரப்பி உண்டு. அதன் கசிவும் வியர்வையும், தோல்வாழ் நுண்ணுயிர்களின் செயலும் சேர்ந்து ஆளுக்கு ஆள் வேறுபடும் மணத்தைத் தருகின்றன. தாழம்பூவின் மணமாயினும் அடுப்புப் புகையாயினும் தன்மேல் பட்டதைப் பற்றிக்கொள்வதும் மயிரின் இயல்பே. தலைவன் நுகர்ந்தது உயிருள்ள ஒருத்தியின் மணம். நக்கீரர் ஆராய்ந்தது உயிரற்ற ஓர் இழையை. இருவரும் தத்தம் எல்லைக்குள் பிழைபடவில்லை.

வளர்ச்சியைப் பற்றியும் இத்தகைய ஐயம் ஒன்று உண்டு. இசுலாமியர் குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடி களைந்து, அதன் எடைக்கு வெள்ளி அறம் செய்வர். பழனியிலும் திருச்செந்தூரிலும் முடி காணிக்கை செலுத்துவர். வேளாங்கண்ணியிலும் அவ்வழக்கம் உண்டு. இவை நன்றியின் வடிவங்கள். அவற்றின் பெருமை அதுவே. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகும் என்பது வேறு செய்தி. மயிர்க்கால்கள் யாவும் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. தலையில் அவை ஏறத்தாழ 1 லட்சம். கத்தி தோலின்மேல் செல்கிறது; மயிர்வேரோ சில மில்லிமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வெட்டுமுனை மழுங்கியிருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

தலைமயிர் மாதம் 1 சென்டிமீட்டர் அளவில் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்கள் ஒடுங்கி, ஏறத்தாழ 3 மாதம் ஓய்ந்து உதிரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. நிலை தாழ்ந்தோர்க்குத் தலையிலிருந்து வீழ்ந்த மயிரை உவமை கூறினார் வள்ளுவர். உவமை பொருந்துவதே. ஆயினும் அவ்வுவமையில் அடங்காத ஒன்றும் உண்டு: உதிர்ந்த இடத்தில் அதே மயிர்க்கால் மறுபடி தளிர்க்கிறது.

நரையைப் பற்றிய வினாவும் சங்கப் பாடலிலேயே எழுகிறது. ஆண்டு பலவாகியும் நரை இல்லாதது எவ்வாறு என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் விடை கூறுகிறார் (புறநானூறு 191). மாட்சி மிக்க மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என அவர் அடுக்கும் காரணங்கள் யாவும் கவலையின்மையைச் சுட்டுகின்றன. மயிர்க்காலில் நிறமி அணுக்களைப் பெற்றுத்தரும் மூல அணுக்கள் தீர்ந்துபோவதே நரைக்கு முதன்மையான காரணம். கடும் அழுத்தம் நரம்பு வழியாக அம்மூல அணுக்களைத் தீர்த்துவிடுவதை 2020இல் எலிகளில் கண்டு வெளியிட்டனர். கவலை தணிந்த காலத்தில் நரைத்த சில இழைகள் நிறம் மீண்டதை 2021இல் மாந்தர் சிலரிடமும் கண்டனர்.

ஆகவே பிசிராந்தையார் இதை அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று முழங்கும் ஆசை எழலாம். அது தவறு. நரை தோன்றும் காலத்தைப் பெரிதும் வகுப்பவை மரபும் முதுமையும். நல்லோர் சூழ வாழ்ந்தும் இளமையில் நரைத்தவர் பலர். புலவர் நரையைச் சொல்லவந்தவர் அல்லர். நல்ல ஊர் எது என்று சொல்லவந்தவர். அணுக்களைத் தேடி அப்பாடலுக்குள் நுழைவோர், அவர் காட்டிய ஊரைக் காணாமலே மீள்வர்.

பாட்டுக்கு அறிவியலின் நற்சான்று வேண்டியதில்லை. அறிவியலுக்குப் பாட்டின் பழமையும் வேண்டியதில்லை. இறைவன் பாட்டுக்கே பொருத்தம் கேட்ட புலவரைப் போற்றும் தமிழர், முன்னோர் பாட்டின்மேல் ஏற்றப்படும் கூற்றுகளுக்குச் சான்று கேட்கத் தயங்கலாகாது. அத்தயக்கம் நீங்கிய அவையே நக்கீரருக்கு உரிய அவையாகும்.