வேலிப் பொட்டு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அயலாரின் சுகதுக்கம் பேசப்பட்ட இடம் வேலிப் பொட்டேயாம். கிளுவையும் பூவரசும் கதியால்களாய் நிற்க, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலியில், ஒருவர் குனிந்து நுழையத்தக்க சிறு வழியே பொட்டு. நேயர்களுட் பலர் அதனூடு நுழைந்து வளர்ந்தவர்களே. தண்ணீர் அள்ள வந்தவள் அங்கே சற்று நிற்பாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ அக்கா?" என்று தொடங்கும் பேச்சு, கத்தரியிற் பூச்சி விழுந்ததையும் மூத்தவளுக்கு வந்த சம்பந்தத்தையும் தொட்டு, ஒரு பிடி முருங்கையிலையோடு முடியும். எல்லைக் கதியால் ஒரு சாண் நகர்ந்தால் நீதிமன்றம் ஏறுபவர்களும் இவர்களே! ஆயினும் வழக்கு நடக்கையிலும் பொட்டை அடைக்க மனம் வராத பெண்கள் இருந்தனர்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வேலிகள் அடைப்பாரின்றி உக்கின. பின்னர் மீண்டோருட் பலர் மதில் கட்டினர். மதிலுக்கு ஆண்டுதோறும் அடைப்புச் செலவில்லை. ஆட்டுக்குக் குழையும் இல்லை. ரொறன்ரோவிலுள்ள மகளோடு நாள்தோறும் முகம் பார்த்துப் பேசும் தாய்க்கு, மதிலுக்கு அப்பால் உள்ளவள் மூன்று நாளாய்ப் படுக்கையிற் கிடப்பது தெரியாமற் போகலாம். அயலார் இருவரும் ஒப்பினால் மதிலிலும் ஒரு சிறு படலைக்கு இடம் விடலாம். மேசனுக்கு அது பெரிய வேலையன்று.