ஏழு இலக்கமும் பதினொரு எழுத்தும்

வரி என்று தலைப்பைக் கேட்டதுமே பாதி நாற்காலி காலியாகிவிடும் என்று பயந்தேன். பரவாயில்லை, சுங்கைப்பட்டாணிக்காரர்களுக்குப் பொறுமை அதிகம்.

இங்கே நாம் வரி பாரம் நிரப்பும்போது, பணம் திரும்ப வரவேண்டுமானால் வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் கொடுத்தால் போதும். உங்கள் கணக்கு கூலிம் கிளையா, அலோர்ஸ்டார் கிளையா என்று கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு தமிழ்நாட்டில் இருக்கும் சொத்துக்கு இந்திய வரி பாரம் நிரப்பப் போகும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

பீடோங்கில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் தாத்தா விட்டுப்போன கடைக்கு வாடகை வருகிறது. ஊருக்குப் போயிருந்தபோது அதற்கான வரியை ஒரு வங்கியில் கட்டினார். பிறகு பாரத்தில் பி.எஸ்.ஆர். குறியீடு என்று ஒரு கட்டம். தம் கணக்கு இருக்கும் கிளையின் குறியீட்டைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டார். சில மாதங்களில் நோட்டீஸ் வந்தது. வரி கட்டவில்லையாம், வட்டியோடு கட்ட வேண்டுமாம். ரசீதோ அலமாரியில் பத்திரமாக இருக்கிறது! "முத்திரை குத்திக் கொடுத்தவனே இல்லேன்னு சொல்றானா?" என்று பெரியம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

தவறு எங்கே? அந்தக் குறியீடு கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு உரியதல்ல. வரிப்பணத்தை வாங்கிய கிளைக்கு உரியது. இந்திய ரிசர்வ் வங்கி 1972-இல் கொண்டுவந்த புள்ளிவிவர அறிக்கை முறையில் பிறந்த எண் இது. மொத்தம் ஏழு இலக்கம். முதல் மூன்று வங்கியை, அடுத்த நான்கு கிளையைக் காட்டும். 2004 ஜூனில் வரி வசூலைக் கணினியில் இணைத்தபோது இதோடு பணம் கட்டிய தேதியும் ஐந்து இலக்க வரிசை எண்ணும் சேர்ந்துதான் ரசீதின் அடையாளம் என்றாயிற்று. மூன்றில் ஒன்று மாறினாலும் நீங்கள் கட்டிய பணம் உங்கள் பெயரில் சேராது. முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் விடக்கூடாது. இணையத்தில் கட்டினால் உங்கள் ஊர்க் கிளையின் எண் வராமல் வேறு கிளையின் எண் வரலாம். ரசீதில் உள்ளதையே எழுதுங்கள். இப்போது பாரத்தில் இந்த விவரம் பெரும்பாலும் தானாகவே வந்து விழுகிறது. ஆனாலும் ரசீதைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதில் கைவலி ஒன்றும் வராது.

கூடுதலாகக் கட்டிய வரி திரும்ப வருவதற்கு வேறொரு குறியீடு, ஐ.எஃப்.எஸ்.சி. இது பதினொரு எழுத்து. முதல் நான்கு வங்கி, கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவதாக நிற்பது பூஜ்யம். அதை ஆங்கில எழுத்து 'ஓ' என்று நினைத்துத் தட்டுகிறவர்கள் ஏராளம்.

நம்மவர்கள் இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய பாஸ்புத்தகத்தை டின்னில் பூட்டி வைத்திருப்போம், இல்லையா? அதில் அச்சடித்த குறியீடு இன்று செத்துப் போயிருக்கலாம். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கிக்குப் போனது. சிண்டிகேட்டின் பழைய குறியீடுகள் 2021 ஜூலையோடு நின்றுவிட்டன. இப்படி மாறியிருந்தால் வரித்துறையின் இணையத்தளத்தில் கணக்கைப் புதிய குறியீட்டோடு மறுபடியும் உறுதிப்படுத்த வேண்டும்.

இந்தியாவில் கணக்கே இல்லாத வெளிநாட்டுவாசிகள் இங்குள்ள கணக்கைக் கொடுக்க வழி உண்டு. அதற்கு ஸ்விஃப்ட் குறியீடு கேட்பார்கள், ஐபான் எண்ணும் கேட்பார்கள். மலேசியாவில் ஐபான் முறையே கிடையாது. கவுண்டரில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், பாரம் நிரப்பிக் கொடுக்கும் கணக்காளரிடம் கேளுங்கள்.

பெரியப்பா திருத்த மனு போட்டார். சரியான ஏழு இலக்கம் பதிவான பிறகு நோட்டீஸ் ரத்தானது. அந்த ரசீதை இப்போது பாஸ்புத்தகத்தின் உள்அட்டையில் ஒட்டியே வைத்திருக்கிறார். அதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டக் கேட்டேன். தர மறுத்துவிட்டார்.