எதிரி நாட்டுக் குழந்தை

இன்று எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தது. ஆனால் தோற்ற நாடுகளுக்கு உணவு போகாதபடி பிரிட்டனும் அதன் கூட்டாளிகளும் போட்டிருந்த முற்றுகை மறு ஆண்டும் நீடித்தது. வியன்னாவில் குழந்தைகள் பசியில் வாடினார்கள். 1919 வசந்த காலத்தில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஜெப் துண்டறிக்கை கொடுத்தார். அதில் ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படம்: கைகால் குச்சியாகி, வற்றிய உடம்பின்மேல் தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. தணிக்கை அனுமதி பெறாத அறிக்கை என்று அவரைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் விதித்த அபராதம் 5 பவுண்டு. அந்தத் தொகையை அரசுத் தரப்பு வழக்கறிஞரே தம் கையிலிருந்து கொடுத்தார் என்பது பலரும் நெகிழ்ந்து சொல்லும் செய்தி. எனக்கு அங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அந்த வழக்கறிஞருக்கு மனம் இளகியது, கொடுத்தார், இளகாதிருந்தால்? ஒரு குழந்தையின் சோறு கொடுப்பவரின் மனநிலையை நம்பியிருக்கலாமா? ஜெப்பின் பிற்கால உழைப்பெல்லாம் இதற்கான பதில் என்றே நான் கருதுகிறேன். அவர் குழந்தைகளைக் கொஞ்சிக் களித்தவரும் அல்லர். இளமையில் ஏற்ற பள்ளி ஆசிரியர் வேலையைச் சீக்கிரமே விட்டவர். பாசம் இல்லாத இடத்திலும் குழந்தைக்குச் சேர வேண்டியது சேர்ந்தாக வேண்டும் என்பது அவருக்கு நியாயத்தின் பாற்பட்ட விஷயம்.

அதே ஆண்டு மே மாதம் 'சேவ் த சில்ட்ரன்' நிதியம் பிறந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பசித்திருக்க எதிரியின் பிள்ளைக்கு ஊட்டுவதா என்ற கண்டனமும் கூடவே பிறந்தது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. போரில் மகனைப் பறிகொடுத்த தாய்மார் நிறைந்த நாடு பிரிட்டன். வறுமையும் அங்கே இருந்தது. ஆனால் நிதியம் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் உதவியது. 1921இல் ரஷ்யாவில் பஞ்சம் வந்தபோது, போல்ஷெவிக்குகளின் நாடு என்று பார்க்காமல் சரதோவ் பகுதியில் சமையற்கூடங்கள் திறந்து, நாளுக்குச் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்கு உணவளித்தது. இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோல்தான்: பசி. நம் பிள்ளை, அவர் பிள்ளை என்று பிரிக்கத் தொடங்கினால் அந்தப் பிரிவு தேச எல்லையோடு நிற்காது. ஊருக்குள்ளும் தெருவுக்குள்ளும் நுழையும்.

1923இல் ஜெப் குழந்தை உரிமைகளை ஐந்தே அம்சங்களில் எழுதினார். இடர் வரும்போது முதலில் நிவாரணம் பெற வேண்டியது குழந்தை என்பது அவற்றில் ஒன்று. 1924இல் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. வெறும் காகிதம் என்பார்கள். அடுத்த போரில் லட்சக்கணக்கான குழந்தைகள் கொல்லப்பட்டதை அந்தக் காகிதம் தடுக்கவில்லை, உண்மை. அதில் குழந்தையின் பாதுகாப்பு இருந்ததே தவிர, குழந்தையின் குரலுக்கு இடமில்லை, அதுவும் உண்மை. ஆனால் அது கிழிபடாமல் வளர்ந்தது. 1959இல் ஐ.நா. பிரகடனமாகி, 1989இல் நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையானது; தன் கருத்தைச் சொல்லும் உரிமையும் அதன் 12ஆம் பிரிவில் குழந்தைக்குக் கிடைத்தது. 1992இல் இணைந்த இந்தியா, குழந்தைத் தொழிலாளர் பற்றிய பிரிவை மட்டும் படிப்படியாக நிறைவேற்றுவதாக அறிவித்தது. எழுத்தில் ஒரு கடமை இருப்பதால்தான் அந்தப் படிகள் எங்கே நிற்கின்றன என்று நாம் அரசைக் கேட்க முடிகிறது. இரக்கத்தை இப்படிக் கணக்குக் கேட்க முடியாது.

பட்டம் பெறும் இளையோரே, உங்களில் சிலர் நாளை கோப்புகளில் கையெழுத்திடும் நாற்காலியில் அமர்வீர்கள். செங்கல் சூளைக்கு வெளியூரிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளியில் சேர்க்க இயலாது என்ற குறிப்போடு ஒரு கோப்பு வரலாம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குறிப்பை அடித்துவிட்டு, பிரிவின் எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள்.